திண்டுக்கல்லும் ஸ்திரீ பிரதிநிதித்வமும்

திண்டுக்கல் பார்லிமெண்ட் தொகுதி என்றதும் அரசியல் பேசுவோருக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது 1973-ம் வருஷத்து உபதேர்தல்தான். தோன்றி ஏழு மாதமே ஆகியிருந்த அண்ணா தி.மு.க., இரட்டை இலைச் சின்னத்துடன் முதன்முதலாகக் களத்தில் இறங்கியது. அதன் அபேட்சகர் மாயத்தேவர் ஏறக்குறைய 1,42,000 வோட்டு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். மாகாணத்தை ஆண்டுவந்த தி.மு.க. மூன்றாவது ஸ்தானத்துக்குத் தள்ளப்பட்டது. இந்தக் கதை திண்டுக்கல் கடைவீதியில் எல்லோரும் அறிந்த கதை. ஆனால் அதே தொகுதிக்கு அதைவிடப் பழமையான, அதைவிடப் பெருமைக்குரிய சரித்திரம் ஒன்று உண்டு. அதை எடுத்துச் சொல்வாரைத்தான் காணோம்.

1952-ம் வருஷத்து முதல் பொதுத்தேர்தலில் திண்டுக்கல் ஜனங்கள் லோக்சபைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியது ஒரு பெண்மணியை. அவர் ஸ்ரீமதி அம்மு சுவாமிநாதன். 1917-ல் சென்னையில் இந்திய மாதர் சங்கத்தை ஸ்தாபித்தவர்களில் ஒருவர். அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை வகித்த காப்டன் லட்சுமியைப் பெற்ற தாய். அவர் பிறந்தது மலையாள தேசத்து ஆனக்கரையில். இவர் பெண்ணாயிற்றே என்றோ, வேற்றூராராயிற்றே என்றோ திண்டுக்கல் அவரைத் தள்ளிவிடவில்லை. வட இந்தியாவில் பல பகுதிகளில் ஸ்திரீகள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லக் கூசி, 'இன்னாருடைய மனைவி' என்றே எழுதிக்கொண்டதால், சுமார் 28 லட்சம் பேர் வோட்டர் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்ட காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1957-ல் ஜனாப் குலாம் முகைதீன் வெற்றி பெற்றார். 1962-ல் மறுபடியும் ஒரு பெண்மணியே தேர்ந்தெடுக்கப்பட்டார். டாக்டர் சௌந்தரம் அம்மாளைத் திண்டுக்கல் ஜனங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குமாரத்தியாகப் பிறந்து, இளமையிலேயே விதவையாகி, டில்லியில் வைத்தியம் படித்துத் தேர்ந்து, ஜி. ராமச்சந்திரனை மறுமணம் புரிந்து, 1947-ல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை ஸ்தாபித்தவர் அவர். வைத்தியமும் கல்வியும் கைத்தொழிலும் அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்குச் சென்றன. சட்டசபையில் பணியாற்றிய பிறகே அவர் லோக்சபைக்குப் போனார். மத்திய சர்க்காரில் கல்வித்துறை உதவி மந்திரியாகவும் இருந்தார்.

ஆக, முதல் மூன்று தேர்தல்களில் இரண்டில் பெண்களே வெற்றி பெற்றார்கள். அதன் பிறகு நடந்தது என்ன? 1967 முதல் 2024 வரை, உபதேர்தலையும் சேர்த்துப் பதினாறு தேர்தல்கள் நடந்தன. ஒன்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தி.மு.க., அண்ணா தி.மு.க., தமிழ் மாநிலக் காங்கிரஸ், காங்கிரஸ், மார்க்ஸிஸ்ட் கம்யூனிஸ்ட் ஆகிய கட்சிகள் மாறி மாறி வெற்றி கண்டன. கொள்கையில் வேறுபட்ட இக்கட்சிகள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. வெற்றி பெற்ற ஒன்பது பேரில் ஒருவர்கூடப் பெண் அல்ல. 2008-ல் எல்லைகள் திருத்தப்பட்டபோது பழனி என்ற தனித் தொகுதியே மறைந்தது; பழனியும் ஒட்டன்சத்திரமும் திண்டுக்கல்லோடு சேர்ந்தன; சோழவந்தானும் திருமங்கலமும் பிரிந்தன. எல்லை மாறியும் இந்த வழக்கம் மாறவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அல்ல. இங்கிலாந்தில் பிளிமத் நகரின் சட்டன் தொகுதி 1919-ல் ஆஸ்டர் சீமாட்டியைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் முதன்முதலாக அமர்ந்த பெண் அங்கத்தினர் அவரே. 1945-ல் அவருக்குப் பின் வந்த லூஸி மிடில்டனும் பெண்மணிதான். ஆனால் 1951-ல் அவர் தோற்ற பிறகு, மறுபடியும் ஒரு பெண் அங்கே வெற்றி பெற 1997 வரை 46 வருஷம் காத்திருக்க நேர்ந்தது. 2010-ல் அந்தத் தொகுதியே இல்லாமற் போயிற்று. ஒரு முறை திறந்த கதவு தானாகத் திறந்தே இருக்கும் என்று நம்புவது தவறு என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

'ஜெயிக்கக் கூடியவர் வேண்டாமா?' என்று கட்சித் தலைவர்கள் கேட்பார்கள். 2019-ல் திண்டுக்கல்லில் வெற்றி வித்தியாசம் 5,38,972 வோட்டு. 2024-ல் 4,43,821 வோட்டு. இத்தனை பலமுள்ள அணி ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தால் தோற்றிருக்குமா? 2024-ல் பா.ம.க. சார்பில் ஸ்ரீமதி திலகபாமா போட்டியிட்டு மூன்றாவதாக வந்தார். அவருடைய கட்சி இருந்த அணிக்கு அங்கே போதிய பலம் இருக்கவில்லை. தோற்கும் இடத்தில் பெண்ணை நிறுத்திவிட்டு, பெண்ணால் ஜெயிக்க முடியாது என்று சொல்லுவது நியாயமாகாது. ஜனங்கள் மீது பழி போடவும் இடமில்லை. நிலக்கோட்டை வோட்டர்கள் ஸ்ரீமதி ஏ.எஸ். பொன்னம்மாளைப் பல தடவை சட்டசபைக்கு அனுப்பியவர்கள் அல்லவா?

2024-ல் தமிழ்நாட்டு வோட்டர் ஜாபிதாவில் பெண்கள் சுமார் 3.17 கோடி, ஆண்கள் சுமார் 3.06 கோடி. தேர்ந்தெடுக்கப்பட்ட 39 அங்கத்தினர்களிலோ பெண்கள் ஐவரே. வோட்டுப் போடுவதில் முன்னே நிற்பவர்கள் பிரதிநிதித்வத்தில் மட்டும் ஏன் பின்னே நிற்க வேண்டும்?

லோக்சபையிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு ஸ்தானத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஜனக் கணக்கெடுப்பும் அதையொட்டித் தொகுதி வரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு அமலுக்கு வரும் என்று அந்தச் சட்டம் நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனையைக் கட்சிகள் தங்கள் கடமையிலிருந்து விலகிக்கொள்ளும் சாக்காக ஆக்கக் கூடாது. 1952-லும் 1962-லும் எந்தச் சட்டம் திண்டுக்கல்லைக் கட்டாயப்படுத்தியது? ஒதுக்கீடு எதுவும் இல்லாமலே கட்சி தகுதி வாய்ந்த பெண்ணை நிறுத்தியது; ஜனங்கள் மனமார ஏற்றார்கள்.

அடுத்த தேர்தலில் அபேட்சகரைத் தெரிந்தெடுக்கும்போது, திண்டுக்கல் விஷயத்தில் கட்சித் தலைவர்கள் இந்தச் சரித்திரத்தை ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். அவர்கள் மறந்தால், வோட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது திண்டுக்கல் தாய்மார்களே ஞாபகப்படுத்த வேண்டும். கேட்பதற்கு அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு.