சுவரைத் தாண்டிய கட்டி

மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் போய்வரும் குடும்பங்கள் முதலில் கேட்பது, “பரவிட்டுதா?” என்றுதான். “குடற்சுவரைத் தாண்டியிருக்கு” என்று வைத்தியர் சொன்னால், அது வீட்டுக்கு வந்து சேரும்போது “முற்றிவிட்டது” என்றாகிவிடுகிறது. இனி எதற்குச் சத்திரசிகிச்சை, ஆளை வருத்தாமல் ஊருக்குக் கூட்டிப்போவோம் என்று மூத்தவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். பெருங்குடல் புற்றுநோயில் இந்த அவசரம் ஆளைக் கொல்லக்கூடியது.

கட்டி குடலின் உட்சவ்வில் தோன்றுகிறது. பிறகு தசைப்படையை ஊடுருவி, குடலைச் சூழ்ந்த கொழுப்பை எட்டுகிறது. ரிப்போர்ட்டில் ‘டி3’ என்றிருப்பது இதுதான். வெளியுறையைத் துளைத்தாலோ பக்கத்து உறுப்பைப் பிடித்தாலோ ‘டி4’. நிணநீர்க்கணுக்களுக்கு ‘என்’ என்றும், ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போனதற்கு ‘எம்’ என்றும் வேறு எழுத்துகள் உண்டு. டி3 ஆன, ஆனால் தூர உறுப்பு எதற்கும் போகாத நோயைக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் வைத்தியர்கள் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். டி4 என்றாலும் கதை முடிந்துவிடுவதில்லை. கட்டி சிறுகுடலிலோ கருப்பையிலோ ஒட்டியிருந்தால், பிரித்தெடுக்காமல் ஒட்டிய பகுதியோடு சேர்த்தே வெட்டுவார்கள். பிரிக்கப் போனால் புற்றணுக்கள் வயிற்றுக்குள் சிந்திவிடலாம்.

மலக்குடலில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. அது இடுப்பெலும்புக்குள், சிறுநீர்ப்பைக்கும் திருவெலும்புக்கும் நடுவில் நெருக்குண்டு கிடக்கிறது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை அதன் உறை கிழியாமல் முழுப் பொதியாக எடுக்க வேண்டும் என்று 1982இல் எழுதினார். அந்த முறை பரவியபின், அதே இடத்தில் நோய் திரும்ப முளைப்பது வெகுவாகக் குறைந்தது. கட்டிக்கும் அந்த உறைக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்பதுதான் இன்றும் முக்கிய கேள்வி. இதை முன்கூட்டியே காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இடைவெளி போதாதென்றால் முதலில் கதிர்ச்சிகிச்சையும் கீமோவும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். கத்தி அதற்குப் பிறகுதான். “ஏன் இன்னும் ஒப்பரேஷன் செய்யவில்லை, கைவிட்டுவிட்டார்களா?” என்று கலங்குபவர்களிடம் இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

கட்டி சுவரைத் தாண்ட அவகாசம் கொடுப்பவர்களும் நாம்தான். மலத்தில் இரத்தம் கண்டால் உடம்புச் சூடு என்போம், மூலம் என்போம். காலி வீதிப் பாமசியில் களிம்பு வாங்கியே மாதங்களை ஓட்டிவிடுவோம். இலங்கையில் ஆண், பெண் இருபாலாரிலும் அதிகம் காணப்படும் ஐந்து புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. மூலம் இருப்பவருக்குப் புற்று வராது என்று எந்த நியதியும் இல்லை. ஆனால் இதைப் பேச நம் வீடுகளில் இருக்கும் கூச்சம் இருக்கிறதே!

பழியை நோயாளிகள் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஆயினும் ஆய்வுகூட ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வருகிறது, விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் கிடைக்கிறது. கொட்டாஞ்சேனைத் தாய் ஒருத்தி பேரனின் அரைகுறை மொழிபெயர்ப்பை நம்பிச் சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிடுகிறாள். குடற்சுவரின் படமும் அந்த மூன்று எழுத்துகளின் பொருளும் தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கிளினிக்கில் கொடுப்பதற்குச் சுகாதார அமைச்சுக்குப் புதிய சட்டமும் தேவையில்லை, வெளிநாட்டு உதவியும் தேவையில்லை.