மணலில் தண்ணீர் நிற்காதாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பெரிய முதலியார்சாவடியில் மனை வாங்கி வீடு கட்டுகிற நம் பிள்ளைகள் பலரும் ஒரே பல்லவி பாடுகிறீர்கள்: "சார், இது மணல் பூமி. தண்ணீர் நிற்காது. மழைநீர்க் குழி தண்டச் செலவு. வாசல் முழுக்க சிமென்ட் போட்டாச்சு. தண்ணிக்குத்தான் போர் இருக்கே!"

நிற்பது வேறு, இறங்குவது வேறு. மண்ணுக்குள் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த இடைவெளிகள் தண்ணீருக்கு வழி விடுகின்றனவா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்குப் பெயர்தான் ஊடுருவுதிறன். களிமண்ணில் ஏறக்குறைய பாதி இடைவெளிதான். மணலில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஆனால் களியின் துளைகள் மிக நுண்ணியவை; தண்ணீர் துகளோடு ஒட்டிக்கொண்டு நகராது. மணலில் ஒரே நாளில் பல மீட்டர் இறங்குகிற தண்ணீருக்கு, இறுகிய களியில் ஒரு மீட்டர் போகவே பல ஆண்டுகள் பிடிக்கும்.

நம்பிக்கை இல்லையா? மரக்காணம் உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள். பாத்தியின் களித்தரையை ஏன் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள்? உப்புநீர் கீழே இறங்கிவிட்டால் வெயில் எதைக் காய்ச்சும்? உப்பளத்துக்கு ஆகாத அந்தக் குணம்தான் உங்கள் வீட்டுக் கிணற்றுக்கு வரம். அந்த வரத்தின் மேல்தான் சிமென்ட் போட்டு மூடுகிறீர்கள்.

அடுத்தது போர். கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர், அதைவிடக் கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் பெயரால் வழங்கும் கணக்கு இது. மேலே அரை மீட்டர் குறைந்தால், நாளடைவில் கீழே உப்பு 20 மீட்டர் ஏறும். மணல் ஆள் பார்த்து வழிவிடாது. மழைக்கும் விடும், கடலுக்கும் விடும், செப்டிக் டேங்க் கசிவுக்கும் விடும்.

"என் ஒரு வீட்டால் என்ன சார் ஆகிவிடும்?" என்பீர்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, பக்கத்துப் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் மழை. ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடியில் 40 செ.மீ. மழை என்றால் சுமார் 89,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏழு லாரிக்கு மேல்! அதைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, சித்திரையில் லாரிக்குக் காசு கொடுப்பது என்ன கெட்டிக்காரத்தனம்?

2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அனுமதிக்காக ஒரு குழாயை நட்டு, போட்டோ எடுத்து, மறந்துவிடுவதல்ல அது. வண்டி நிற்க வேண்டிய இடத்துக்கு மட்டும் சிமென்ட் போடுங்கள். மீதியை மண்ணாகவே விடுங்கள். மாடித் தண்ணீரை ஜல்லி நிரப்பிய குழிக்குள் இறக்குங்கள். வண்டல் அடைத்தால் மணலும் களியாகிவிடும். ஐப்பசி மழைக்கு முன் குழியைத் தூர்வாருங்கள். செப்டிக் டேங்கைக் கசியாமல் கட்டி, கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

மறுத்துப் பேச நினைப்பவர்கள் தாராளமாகப் பேசுங்கள். அதற்கு முன் வாசல் மணலில் ஒரு குடம், சிமென்ட் தரையில் ஒரு குடம் ஊற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்