மரத்தடிப் பலகை

மாணவர்களே! விளையாட்டுப் பாடவேளைக்கு மணி அடித்ததும் மைதானத்தை நோக்கி ஓடுகிறோம். அங்கே மரத்தடிப் பலகையில் அமர்ந்து, தோழர்களின் பைகளுக்கும் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் காவலிருக்கும் ஒரு மாணவனை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். "அவனுக்கு மூட்டுவாதம், அவன் விளையாடக் கூடாது" என்று பிறர் கூறுவர். அக்கூற்றில் அன்பு இருக்கிறது. ஆனால் அது சரியன்று என்பதே என் கருத்து.

மூட்டுவாதம் முதியோர்க்கு மட்டுமே வரும் என்று பலர் எண்ணுகின்றனர். சிறுவர்க்கும் அது வருவதுண்டு. 16 வயது நிறைவதற்கு முன் தோன்றி, குறைந்தது 6 வாரங்களேனும் நீடிக்கும், காரணம் அறியப்படாத மூட்டு நோயைச் 'சிறார் மூட்டழற்சி' என்பர். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல், தடம் மாறித் தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குகிறது. அதனால் மூட்டுகள் வீங்கி வலிக்கின்றன. இது தொற்றுநோய் அன்று. எவருடைய தவற்றாலும் வருவதும் அன்று.

இந்நோயின் இயல்பு ஒன்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும். உறங்கி எழும் காலை வேளையில் மூட்டுகள் விறைத்திருக்கும். உடல் அசைய அசைய அவ்விறைப்பு தளரும். ஆதலால், காலை வழிபாட்டுக் கூட்டத்திற்கு நொண்டி வந்த சிறுமி மாலையில் விரைந்து நடக்கலாம். அதனைக் கண்டு, "காலையில் நடித்தாள்" என்று பழித்தல் அறியாமையாகும்.

முற்காலத்தில் இந்நோய்க்கு நெடுநாள் ஓய்வே ஏற்றது எனக் கருதினர். இன்றைய மருத்துவம், நோயை மருந்தால் கட்டுக்குள் வைத்து, உடலை இயக்கச் சொல்கிறது. அதற்குக் காரணம் உண்டு. பயன்படாத தசை மெலியும். மெலிந்த தசை மூட்டினைத் தாங்காது, மூட்டின்மீது சுமை கூடும், வலி மிகும். வலிக்கு அஞ்சி மேலும் அமர்ந்தால் தசை இன்னும் மெலியும். எனவே, பலகையில் அமர்த்துவது காப்பது போலத் தோன்றினும், நாளடைவில் தீங்கே செய்யும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. உடற்குறையுள்ள சிறுவர்க்கும் அது அதே அளவையே பரிந்துரைக்கிறது.

"விளையாடி வலி மிகுந்தால் யார் பொறுப்பு?" எனப் பெற்றோரும் ஆசிரியரும் வினவுவர். அவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. வீக்கமும் வலியும் மிகுந்த நாளில் ஓய்வு வேண்டும். எவ்வளவு விளையாடலாம் என்பதை மருத்துவரும் இயன்முறைப் பயிற்சியாளரும் கூற வேண்டும். ஆனால், சில நாள் வலிக்காக ஆண்டு முழுவதும் ஒரு சிறுவனைப் பலகையில் அமர்த்துதல் முறையாகுமா?

சிறுவனை விலக்குவதைவிட ஆட்டத்தின் விதியை மாற்றுவது எளிது. நீச்சலில் தண்ணீர் உடலின் எடையைத் தாங்குவதால் மூட்டுகளுக்குச் சுமை குறைகிறது. மிதிவண்டி ஓட்டுகையில் முழங்கால் அதிர்வின்றி இயங்குகிறது. நீச்சல்குளம் இல்லாத பள்ளியிலும் வழி உண்டு. பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக்காலால் தாவுவதற்கு மாற்றாக இரு கால்களால் கட்டங்களைக் கடக்கலாம். கிரிக்கெட்டில் மட்டையடித்தபின் ஓடுவதற்கு வேறொருவரை அமர்த்திக்கொள்ளலாம். விளையாட்டுப் பாடவேளை முதல் வேளையாக இருப்பின், விறைப்பு தளர்ந்தபின் வரும் வேளைக்கு அதனை மாற்றலாம்.

இழப்பு உடலுக்கு மட்டுமன்று. பிற மாநிலங்களில் வாழும் நம்முள் பலர், அவ்வூர் மொழியை வகுப்பறையில் கற்றதைவிட மைதானத்தில் கற்றதே மிகுதி. பந்தைக் கேட்டும், ஆட்டமிழந்ததை மறுத்து வாதிட்டும் அல்லவா அம்மொழி நமக்கு வசமாயிற்று? நம் நண்பர்களும் அங்கேதானே கிடைத்தனர்? பலகையில் அமர்ந்தவன் ஆட்டத்தை மட்டுமன்றி, ஆட்டம் முடிந்தபின் நிகழும் பேச்சையும் இழக்கிறான்.

ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை கூறுகிறது. 1992ஆம் ஆண்டில் இந்தியாவும் அதனை ஏற்றது. ஆயினும், அவ்வுரிமை மைதானத்தில் நிலைபெறுவது நம் கையில் உள்ளது. அவனுக்காக நாமே முடிவு செய்யாமல், "இன்று உடல் எப்படி இருக்கிறது? எந்த ஆட்டம் ஆடலாம்?" என்று அவனிடமே கேட்போம். பைகளுக்குக் காவல் வேண்டுமெனில், நாள்தோறும் ஒருவராக முறை வைத்துக் காப்போம்.

சிந்தித்து எழுதுக:

1. விதியை மாற்றினால் ஆட்டத்தின் சுவை குறையுமா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

2. நீங்கள் ஆடும் ஓர் ஆட்டத்தை, முழங்கால் வலியுள்ள தோழரும் ஆடுமாறு எவ்வாறு மாற்றுவீர்கள்?