ஃபெயில் கிடையாத மூன்று வருஷங்கள்

ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு முதலில் நின்றுபோவது காலைச் சாப்பாடு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், அதன்பின் உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றே வகுக்கப்பட்டது. ஏப்ரலில் உப்புமாவோ கிச்சடியோ சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை, ஜூனில் வெறும் வயிற்றோடு பிரேயருக்கு நிற்கிறது. வீட்டில் இது யாருக்கும் உறைப்பதில்லை. ஆரணி, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கத்துத் தறி வீடுகளில் விடியும் முன்பே தறிக்குழிக்குள் கால் வைத்தவர்கள் முதல் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க ஒன்பது ஒன்பதரை ஆகிவிடும். பள்ளியில் சாப்பாடு உண்டு என்று நம்பி அமைந்த வீட்டு நேரம், பள்ளியில் அது நின்ற பிறகும் அப்படியே ஓடுகிறது. மூன்றாம் பாடவேளையில் தலை சாய்க்கும் பிள்ளையைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் 'கவனக்குறைவு' என்று எழுதி அனுப்புகிறோம்.

இதை வீட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம். சேர்க்கையன்று மாற்றுச் சான்றிதழ் கேட்டோம், ஆதார் நகல் கேட்டோம், வங்கிக் கணக்குப் புத்தகம் கேட்டோம். காலையில் பிள்ளைக்கு இரண்டு வாய் போட்டு அனுப்புங்கள், இங்கே இனி மதியம்தான் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளைப் பற்றி நெசவுக் குடும்பங்களுக்கு உறுதியாகத் தெரிந்த செய்தி ஒன்றே ஒன்று: "எட்டாவது வரைக்கும் ஃபெயில் கிடையாதே சார்." 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு அது. 2019இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியது. அதையொட்டி ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று இங்கே அறிவித்தார்கள். 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். 2024 இறுதியில் மத்திய அரசு தன் பள்ளிகளில் நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தபோதும் தமிழ்நாடு பின்பற்றப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. சரியான முடிவு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பழைய வகுப்பிலேயே உட்கார வைத்தால் அது படிக்காது, பள்ளியை விட்டுத்தான் போகும். ஆனால் இந்த நல்ல விதி தெருவுக்குள் போகும்போது வேறு பொருள் எடுத்துக்கொள்கிறது. இந்த மூன்று வருஷத்தில் எதுவும் கணக்கில் வராது, பத்தாவது வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுகிறது.

உண்மையில் கணக்கு தொடங்குவதே ஆறாம் வகுப்பில்தான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் பார்க்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் தொடக்கப்புள்ளி ஆறாம் வகுப்பு. பையன்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப்புதல்வனும் அப்படியே. ஆரணியில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். ஐந்தாவது முடிந்ததும், முதலாளியிடம் இன்னொரு முன்பணம் வாங்கி, 'இங்கிலீஷ் மீடியம்' என்று பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றுகிறார்கள். இரண்டு வருஷத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல் எட்டாம் வகுப்புக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அந்த இடைவெளி எதை எதையெல்லாம் கேள்விக்குள்ளாக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. தனியார் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோர் உரிமை, அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்து அனுப்பட்டும்.

ஏழாம் வகுப்பு மதிப்பெண் கதை இதைவிடக் கசப்பானது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய். நான்கு வருஷத்துக்கு 48,000. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கூலிக்கு நெய்கிற வீடு எதுவும் அந்த வரம்பைத் தாண்டப்போவதில்லை. ஆனால் விண்ணப்பிக்கவே ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு வேண்டும்; பட்டியல் இன, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50. 'ஃபெயில் கிடையாத' வருஷம் என்று விட்டுவிட்ட அதே ஏழாம் வகுப்பு! எட்டாம் வகுப்பில் விண்ணப்பம் நிரப்பும் நாளில்தான் தாய்க்கு இது தெரியவருகிறது.

இன்னொன்று. 2025-26இல் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் 2020-21இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். 'சேர்ந்தவர்கள்' என்பது பேருக்குத்தான். ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் வயதில் பள்ளி பூட்டிக் கிடந்தது. அந்தக் குறை இன்னமும் சிலரிடம் இருப்பதால்தான் ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளில் சோதனை வைத்து, அடிப்படையில் பின்தங்கியவர்களுக்குத் 'திறன்' வகுப்பு நடத்துகிறோம். வீட்டுக்கு இது எப்படிப் போய்ச் சேருகிறது? "என் புள்ளைய மக்குப் பசங்களோட போட்டுட்டாங்க." பிள்ளை சொல்வதை வைத்துத் தாய் கட்டிக்கொண்ட சித்திரம் அது. 'உங்கள் பிள்ளை மக்கு இல்லை, ஒன்றாவது அவனுக்கு நடக்கவே இல்லை, அதை இப்போது நடத்துகிறோம்' என்று சொன்னால் ஒரு நிமிஷத்தில் புரியும். நாம் அனுப்பிய குறுஞ்செய்தியில் திட்டத்தின் பெயர் இருந்தது, இந்த வாக்கியம் இல்லை.

மதிப்பெண் அட்டையும் அப்படித்தான். முப்பருவ முறை வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறிக்கு 60 என்ற பிரிவு நமக்கு மனப்பாடம். 48 என்று பார்க்கும் தகப்பன் அது நூற்றுக்கா அறுபதுக்கா என்று கேட்கக் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

ஆகவே "நாங்க இன்னாத்த கண்டோம், நீங்களே பாத்துக்குங்க சார்" என்று பெற்றோர் சொல்லும்போது அதை அக்கறையின்மை என்று பதிவு செய்வதை நிறுத்துவோம். தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் இருந்தார், அவர் பெயர் தெரியும், சந்தையில் பார்த்தாலும் பேசலாம். இங்கே பாடத்துக்கு ஒருவர், மணியடித்தால் மாறுகிறார்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாத இடத்தில் ஒதுங்கி நிற்பது மரியாதை என்று அவர்கள் நினைக்கிறார்கள். நம் பக்கமிருந்து வருகிற அழைப்போ ஒன்று மார்க்குக்கு, இல்லாவிட்டால் புகாருக்கு.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் என்ன உதவி செய்துவிட முடியும் என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் நான்சி ஹில், டயானா டைசன் என்ற இருவர், நடுநிலை வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பங்கேற்பைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த வயதில் வீட்டுப்பாடத்தில் பெற்றோர் உட்கார்ந்து உதவுவதால் பலன் உறுதியில்லை, சில வேளை எதிராகவே போகிறது. அதிகம் பலன் தருவது வேறு: படிப்பு எதற்கு என்று பேசுவது, பிள்ளையிடம் எதிர்பார்ப்பதைச் சொல்வது, நாளைக்கு என்ன ஆகலாம் என்று சேர்ந்து யோசிப்பது. இதற்கு எழுத்தறிவு தேவையில்லை. அமெரிக்க வீடும் ஆரணி கொசப்பாளையத்து வீடும் ஒன்றா என்று கேட்கலாம்தான். ஆனால் இந்த ஊரில் ஒரு பேச்சு ஏற்கெனவே வீடுவீடாக நடக்கிறது: "இந்தத் தறி எங்களோட போவட்டும்." தகப்பன் வாயிலிருந்து வரும் அந்தச் சொல்லில் எதிர்பார்ப்பு முழுசாக இருக்கிறது. எதிலிருந்து விலக வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிகிறது, எதை நோக்கி என்று தெரியவில்லை. மீதிப் பாதியை எடுத்துக் கொடுப்பது நம் வேலை.

தறியைப் பற்றியும் நாம் கொஞ்சம் தெளிவாகப் பேச வேண்டும். கோர்வைச் சேலைக்குக் கரை நாடாவைத் தள்ள இரண்டாவது கை வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தது பெரும்பாலும் பிள்ளைதான். இன்று அந்த நிலை வெகுவாக மாறிவிட்டது. மிச்சமிருப்பது சாயங்காலம் தார் சுற்றிக் கொடுப்பதும், பாவு புணையும் நாளில் லீவு போடுவதும். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குக் கீழே வேலையைத் தடை செய்தாலும், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவ விட்டுக்கொடுக்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டினால் தாய் அடுத்த முறை 'காய்ச்சல்' என்று எழுதிக் கொடுப்பார், அவ்வளவுதான். மாறாக, எந்த நாளில் புணைகிறீர்கள் என்று கேளுங்கள். சனி ஞாயிறுக்குத் தள்ள முடியுமா என்று கேளுங்கள். தள்ள முடிகிற வீடுகள் உண்டு.

தூக்கத்தையும் கேட்க வேண்டும். பூப்பெய்தும் வயதில் உறக்கம் பின்னால் தள்ளிப்போவது உடம்பின் இயல்பு. பத்து மணிக்கும் கண் சொருகாது. இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பட்டுத்தறி முன்கூடத்தில் பாதியை எடுத்துக்கொண்ட வீட்டில், தறிக்கு நாலடி தள்ளிப் பாய் விரித்துப் படுத்த பிள்ளை விடியுமுன் பலகைச் சத்தத்தில் எழுந்துவிடுகிறது. தறியை நிறுத்தச் சொல்ல நமக்கு வாயில்லை. பாயைப் பின்கட்டுக்கு மாற்றலாமா, கொரோனாவில் பாடத்துக்கென்று வாங்கி அப்படியே தங்கிவிட்ட செல்போனை ஒன்பது மணிக்கு அம்மா வாங்கி வைக்கலாமா என்று கேட்க வாயுண்டு.

பெண் வயசுக்கு வருவதைப் பற்றிக் கூட்டத்தில் பேசத் தயங்குகிறோம். ஆறிலும் ஏழிலும்தான் இது அதிகம். சடங்கு, மஞ்சள் நீர், உறவினர் வருகை என்று பத்துப் பதினைந்து நாள் பிள்ளை வராது. திரும்பி வரும்போது முழு எண்களும் பின்னங்களும் ஓடியிருக்கும். பல பெண்கள் கணக்கில் கால் வழுக்குவது இந்த இடத்தில்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆசிரியைகள் கவனித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சடங்கைக் குறை சொல்வது நம் வேலையல்ல. பள்ளியில் நாப்கின் உண்டு, கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, அஞ்சாறு நாளில் அனுப்பினாலும் பார்த்துக்கொள்வோம் என்று ஒரு ஆசிரியை தாய்மார்களிடம் முன்கூட்டியே சொன்னால், நாள் குறையும். (தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.) பையன்களுக்கும் ஒரு வார்த்தை வேண்டும். குரல் உடைந்து, எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசி, வாசலில் நண்பனோடு ஒரு மணி நேரம் நிற்கிற மகனைப் பார்த்துத் தகப்பன் 'கெட்டுப்போனான்' என்று முடிவு கட்டி அடிக்கிறார். இந்த வயதில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று இன்னொரு தகப்பன் வாயால் கேட்டால் அந்தக் கை பாதி இறங்கும். வீட்டில் சௌராட்டிரம் பேசும் குடும்பங்களில் இந்தப் பேச்சை அவர்களில் ஒருவரே எடுக்கட்டும்.

எப்போது பேசுவது? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. 2022 மறுசீரமைப்புக்குப் பிறகு குழுக்களுக்கு உயிர் வந்திருப்பதை மறுக்க முடியாது. ஆனால் கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் என்பதோடு தீர்மானப் புத்தகம் மூடிவிடுகிறது. வேலை நாளில் நடக்கும் கூட்டத்துக்குத் தறியை விட்டு வருகிறவருக்கு அரை நாள் கூலி போகிறது. பல நெசவு வீடுகளில் அமாவாசையன்று தறி ஓடாது. ஆறாம் வகுப்புப் பெற்றோரை மட்டும், ஜூன் அல்லது ஜூலை அமாவாசை மாலையில், ஒரு மணி நேரம் கூப்பிடலாம். மார்க் வாசிக்க வேண்டாம். அப்போது வாசிக்க மார்க்கும் இருக்காது, அதுவே வசதி. பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டாம். கால அட்டவணையைப் பெரிதாக எழுதி மாட்டி, எந்தப் பாடத்துக்கு யார் என்று ஆசிரியர்கள் ஒவ்வொருவராக எழுந்து முகம் காட்டட்டும். காலைச் சாப்பாடு, ஏழாம் வகுப்பின் 55, ஆறிலிருந்து பன்னிரண்டு, திறன் வகுப்பு என்ற நாலையும் சொல்லிவிட்டு அவர்களைப் பேச விட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பஸ்ஸில் வரும் ஆசிரியைகள் மாலை ஏழு மணி வரை ஆரணியில் நிற்க முடியாது. அவர்களை வற்புறுத்தி நடத்தும் கூட்டம் இரண்டாம் முறை நடக்காது. முகம் காட்டுவது மட்டும் நாலே முக்காலுக்குள் முடியட்டும். மீதியை உள்ளூரில் குடியிருக்கும் ஓர் ஆசிரியரும், எட்டாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் ஒரு தாயும் சேர்ந்து நடத்தலாம். அந்தத் தாய் இதற்குள் இரண்டு வருஷம் பட்டவர். பல கேள்விகளுக்கு நம்மைவிட நன்றாகவே பதில் சொல்வார்.