எதிர்க்காற்றும் ஏற்றம்தான்

யாழ்ப்பாணத்தில் மலை தேடிப் போகிறவர்களுக்குக் கீரிமலைதான் முதல் ஏமாற்றம். பெயரில் மலை இருக்கு, கேணி இருக்கு, கடல் இருக்கு. மலை மட்டும் இல்லை. எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கிற நிலம். தீவகம் அதைவிடத் தட்டை. அதனால், சரவணையில் சைக்கிள் பழகின நாங்கள் பேராதனைக்குப் படிக்கப் போனபோது மலைப் பாதைகளைப் பற்றிப் பெரிய கனவோடுதான் போனோம். கியர் வைச்ச சைக்கிள்களை இரவல் வாங்கி, தூரத்தையும் உயரத்தையும் பதிகிற செயலி ஒன்றைக் கைபேசியில் போட்டுக்கொண்டு, கிடைத்த லீவு நாள்களில் எல்லாம் ஏறினோம்.

இரண்டு வருடம் ஏறி இறங்கின பிறகு எங்களுக்கு ஒரு அபிப்பிராயம் வந்திருக்கு. பேர்போன ஏற்றங்கள் பல அந்தப் பேருக்குரிய கஷ்டத்தைத் தருவதில்லை. நாங்கள் உழக்கினதிலேயே கடினமான ஏற்றம், எந்தப் பட்டியலிலும் இல்லாத, கடல் மட்டத்தில் கிடக்கிற எங்கட பண்ணை வீதிதான். சிரிக்காதேங்கோ, கணக்கோடுதான் வாறம்.

முதலில் கடுகண்ணாவை. கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பின கோபுரமும், வீதிக்காகக் குடைந்த பாறையும் இருக்கிற இடம். படத்தில் பார்த்தே மயங்கியிருந்தோம். மாவனல்லைப் பக்கமிருந்து ஏறினோம். கால் நோகவில்லை, நெஞ்சுதான் நொந்தது. கொழும்பு – கண்டி வீதியின் லொறியும் பஸ்ஸும் கக்குகிற புகையைக் குடித்துக்கொண்டு, ஓரத்து வெள்ளைக் கோட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு போனோம். பாறையைக் கண்டபோது 'இதுதானா?' என்றுதான் கேட்கத் தோன்றியது. இப்போது வாகனங்கள் அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. அதற்குள்ளால் போக ஒருவருக்கும் தேவை இல்லை.

அடுத்தது நுவரெலியா. இதுதான் பெரிசு என்றார்கள். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கு, நுவரெலியா 1868 மீற்றரில். நடுவில் 77 கிலோமீற்றர் வீதி. வகுத்துப் பாருங்கள், சராசரியாக 100 மீற்றர் போனால் 2 மீற்றர்கூட உயரவில்லை. சராசரி பொய் சொல்லும் என்பது தெரியும். றம்பொடையின் வளைவுகள் உண்மையிலேயே மூச்சை வாங்கும். ஆனாலும் அந்த வளைவுகள்தான் உயரத்தைப் பங்கு போட்டுத் தருகின்றன. ஒரு வளைவு முடிந்தால் இளைப்பாறலாம். குளிர்காற்று இருக்கு, அருவி இருக்கு, தேத்தண்ணிக் கடை இருக்கு. மேலே போய்ச் சேர்ந்தால் படம் எடுக்கலாம், திரும்பி வரும்போது கீழ்வரை உழக்காமலே வரலாம்.

றம்பொடையில் எங்கள் எதிர்பார்ப்பை மிஞ்சியது வேறொன்று. வீதிக்கு மேலே, சைக்கிளே ஏற முடியாத செங்குத்துச் சரிவில், கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் செயலி அன்று எங்களுக்கு ஒரு பதக்கப் படம் அனுப்பியது. அவர்கள் ஏறினதை ஒரு செயலியும் பதியவில்லை. ஏற்றத்துக்குப் பேர் வைக்கிறவர்கள் பொழுதுபோக்காக ஏறுகிறவர்கள்; பிழைப்புக்காக ஏறுகிறவர்கள் அதை 'வேலை' என்று சொல்லிப்போட்டுப் போய்விடுகிறார்கள். இது எங்களுக்குப் பட்டது அங்கேதான். ஊரை நினைத்ததும் அங்கேதான்.

இனி ஊருக்கு வாறம். பட்டணத்திலிருந்து சரவணைக்கு வாறதென்றால் பண்ணைக் கடலைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் உழக்க வேணும். பண்ணையில் இரண்டு பக்கமும் தண்ணீர். மரமில்லை, மதிலில்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். பட்டணத்திலிருந்து வீதி போவதும் அந்தத் திசைக்கேதான். பின்னேரம் வீடு திரும்புகிற ஒவ்வொருவருக்கும் அது முகத்துக்கு நேரே.

கணக்கு இதுதான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைப்போம். நிமிர்ந்து இருந்து ஓட்டுகிற சாதாரண லுமாலா, வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர். எதிரே மணிக்கு 25 கிலோமீற்றரில் காற்று. காற்றின் தடை, அதை நாம் எதிர்கொள்ளும் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். காற்றில்லாத நாளில் 15இல் போகிறவர், அன்று 40ஐ எதிர்கொள்கிறார். அதனால் தடை ஏழு மடங்காகிறது. கூடுதலாக வருகிற அந்தப் பாரம் ஏறத்தாழ 4 சதவீத ஏற்றத்துக்குச் சமன். அதாவது கண்டி – நுவரெலியா வீதியின் சராசரியைப் போல இரண்டு மடங்கு. பிரான்ஸின் அல்ப் டுவேஸோடு போட்டி போட வரவில்லை, அது 13.8 கிலோமீற்றருக்குச் சராசரி 8 சதவீதம். ஆனால் அங்கே உச்சி என்று ஒன்று இருக்கு. எங்கட ஏற்றத்துக்கு உச்சி இல்லை, வளைவு இல்லை, இறக்கமும் இல்லை. வீடு வந்து செயலியைப் பார்த்தால் 'ஏறிய உயரம்: 3 மீற்றர்' என்று கிடக்கும்.

'காலமை போகேக்கை பின்காத்துத்தானே, சரிக்குச் சரி' என்று சொல்லுவினம். சரிவராது. 15 கிலோமீற்றரை 20 வேகத்தில் போனால் 45 நிமிடம். திரும்பி 10 வேகத்தில் வந்தால் 90 நிமிடம். மொத்தம் 135. காற்றே இல்லாமல் 15இல் போய் வந்திருந்தால் 120 நிமிடத்தில் முடிந்திருக்கும். காற்று தருவதைவிட எடுப்பதுதான் கூட. வாடைக் காலம் வந்தால் கதை மறுபக்கம். காலமையிலேயே மழையும் எதிர்க்காற்றும். நனைந்து நடுங்கிக்கொண்டு வகுப்பில் போய் இருக்க வேணும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் எங்கள் தீவுக்குத் தங்கள் நாட்டு நகரமான லைடனின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆனது. அவர்கள் நாடும் தட்டைதான். ஆனால் அங்கே எதிர்க்காற்றை ஏற்றமாக மதிக்கிறார்கள். 2013இல் அதற்கென்று ஒரு தேசியப் போட்டியே தொடங்கினார்கள். கடலை மறித்துக் கட்டின அணையின் மேல் 8.5 கிலோமீற்றர், கியர் இல்லாத சாதாரண சைக்கிளில். பலத்த காற்று வரும் என்று தெரிந்த பிறகுதான் நாளே குறிப்பார்கள். பெயரைத் தந்தவர்கள் அந்த மரியாதையையும் தந்திருக்கலாம்.

நாங்கள் போட்டி கேட்கவில்லை. எங்களோடு உயர்தரம் படித்த ஒருத்தி பட்டணத்து ரியூசனைச் சோளகத்தோடு விட்டாள். பின்னேரப் பஸ் தவறினால் சைக்கிள்தான். வீடு வந்து சேர இருட்டிவிடும். வீட்டில் பயந்தார்கள். காரணத்தைச் சொன்னபோது படிப்பித்தவர் கேட்டது, 'தட்டையான ரோட்டுத்தானே பிள்ளை, என்ன கஷ்டம்?' மலைநாட்டுப் பிள்ளை 'ஏற்றம்' என்று சொன்னால் ஒருவரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற கஷ்டத்துக்கு மதிப்பு இருக்கு. எங்கட காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் வீதி போடுகிறவர்களின் கணக்கிலும் வருவதில்லை.

'இப்ப ஆர் சைக்கிள் ஓடுகினம்?' என்று கேட்பவர்கள் 2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது எல்லாரும் மூலையில் கிடந்த சைக்கிளைத்தான் துடைத்தோம். 90களில், எரிபொருளும் பற்றரியும் வரவிடாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் வெளிக்கிட்டபோது மூட்டைகளைச் சுமந்ததும் சைக்கிள்தான். நெருக்கடி வந்தால் அதிடம்தான் ஓடுவோம். நெருக்கடி தீர்ந்ததும் அதற்கு வீதியில் ஒரு முழம் இடமும் விட மாட்டோம்.

கேட்பது பெரிசில்லை. குறிகட்டுவானுக்குப் போகிற வான்கள் உரசாமல் போக, வீதி ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு கீற்று இடம். அல்லைப்பிட்டியிலிருந்து இங்கால், காற்று வருகிற பக்கத்தில் பனையும் பூவரசும் வேம்பும் நெருக்கமாக ஒரு வரிசை. பண்ணைக் கடலின் நடுவில், நின்று மூச்சு வாங்க, காற்றை மறைக்கிற ஒரு சுவர். வகுப்பு முடிகிற நேரத்தைப் பார்த்துப் புறப்படுகிற ஒரு பஸ்.

மலை ஏறுகிற நண்பர்களுக்கும் ஒரு அழைப்பு. அடுத்த ஆவணியில் வாங்கோ. பின்னேரம் மூன்று மணிக்குப் பண்ணையில் நில்லுங்கோ. கியர் சைக்கிள் வேண்டாம், ஊர்ச் சைக்கிள் நாங்கள் தாறம். கரியரில் ஒரு புத்தகப் பையையும் கட்டிக்கொண்டு சரவணை மட்டும் உழக்கிப்போட்டு, எது ஏற்றம் என்று அதுக்குப் பிறகு கதைப்பம்.