தள்ளுபடியான வன உரிமை மனுக்களை மறுவிசாரணை செய்யக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், பழங்குடி மக்கள் சங்கம்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தலைவர், மாவட்ட அளவிலான வன உரிமைக் குழு
பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு அளித்த மனுக்கள் (ஒப்புகைச் சீட்டு நகல்கள் இணைப்பு)

ஐயா,

எங்கள் சங்கம் மலைக் கிராமங்களின் இருளர் குடும்பங்களுக்கானது, பதிவு பெற்றது.

1. முந்தைய மனுக்களில் எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம். பதில் வந்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நாங்கள் உழுதுவரும் நிலங்களுக்குக் கிராம சபை பரிந்துரைத்த மனுக்கள், கோட்ட அளவிலான குழுவில் 'ஆதாரம் போதவில்லை' என்று தள்ளுபடியாயின. அதுவும் எழுத்தில் இல்லை. விசாரிக்கப் போனவர்களிடம் அலுவலக வராந்தாவில் சொன்னது.

வன உரிமை விதிகளில் 2012-இல் சேர்த்த விதி 12ஏ என்ன சொல்கிறது? தள்ளுபடியை மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும். அன்றிலிருந்து அவருக்கு 60 நாள் மேல்முறையீட்டு அவகாசம் உண்டு. தெரிவிக்காத முடிவுக்கு 60 நாளை எங்கிருந்து எண்ணுவது? குறிப்பிட்ட வகை ஆவணம்தான் வேண்டும் என்று குழு வற்புறுத்தக் கூடாது என்பதும் அதே விதிதான். எங்கள் கல்வரப்புகள், முன்னோரை அடக்கம் செய்த இடம், பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாமே விதி 13 ஏற்கும் சான்றுகள். எங்கள் நிலம் செயற்கைக்கோள் படத்தில் காடாகத் தெரிகிறதாம். பலாவுக்கு அடியில் ராகி விதைத்த நிலம் மேலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும். படம் துணைச் சான்றே தவிர மற்றவற்றுக்கு மாற்றல்ல என்கிறது 12ஏ-வின் விளக்கம். போதாக்குறைக்கு, ஆக்கிரமிப்பு என்று எங்கள் அப்பன்மாரிடம் அபராதம் வாங்கிய வன இலாகாவே, நாங்கள் அங்கே இருந்ததற்குச் சான்று கேட்கிறது. ரசீதுகளை இணைத்துள்ளோம்.

தள்ளுபடி வெறும் கோப்புக் குறிப்பல்ல. 2019 பிப்ரவரி 13-இல் உச்ச நீதிமன்றம், மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்ற உத்தரவிட்டது. 28-ஆம் தேதிதான் அதை நிறுத்தி வைத்தது. இடைப்பட்ட நாட்களில் எங்கள் ஊர்களில் பலரும் கோடைக்கு நிலம் திருத்தவே இறங்கவில்லை.

ஆகவே, ஒவ்வொரு தள்ளுபடி ஆணையையும் காரணத்துடன் எழுத்தில், கையில் தர வேண்டும். 60 நாளை அன்றிலிருந்து கணக்கிட வேண்டும். மனுதாரர் முன்னிலையில் நிலத்தைப் பார்த்து மறுவிசாரணை செய்ய வேண்டும். அது முடியும்வரை, வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(5)-இன்படி, ஒருவரையும் வெளியேற்றவோ வயலைச் சுற்றி வேலி போடவோ கூடாது.

2. பிரிவு 4(4)-இன்படி உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட வேண்டும்.

3. பிரிவு 3(2)-இன்கீழ் சாலைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் கிராம சபை அனுப்பிய பரிந்துரைகள் மீது ஆணை பிறப்பிக்க வேண்டும்.

4. தேன், நெல்லிக்காய் கொண்டுசெல்வோரைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி வைப்பதைத் தவிர்க்க அறிவுறுத்த வேண்டும்.

இம்முறை பதிலை எழுத்தில் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

நகல்: வருவாய்க் கோட்டாட்சியர், மாவட்ட வன அலுவலர்