அந்த ஃபோனை அப்பா தனியா எடுக்க வேண்டாம்

எங்க வீடு ஷார்ஜா அல் நஹ்தாவுல. ரோட்டைத் தாண்டினா துபாய். அந்த ஒரு ரோடு எங்க குடும்பத்துக்கு எவ்வளவு செலவு வெச்சதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. அதோட, கடன் வசூல் பண்ற ஆளுங்க மேலயும், நம்ம வீட்டுப் பெரியவங்க மேலயும் எனக்கிருக்கிற கோபத்தையும் சொல்லிடறேன். ரெண்டும் ஒரே அளவு கோபம்.

2023 மார்ச்ல அம்மாவுக்கு வயித்து வலி. மூணு நாள் சீரகத் தண்ணி குடிச்சிட்டு, "வாயுவா இருக்கும் பாப்பா"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நாலாவது நாள் குடல்வால் வெடிச்சு, ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போய் அவசர ஆபரேஷன். வாயு இல்லன்னு அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். நம்ம யார்கிட்டயும் இன்சூரன்ஸ் இல்லங்கறதும் தெரியும்.

ஏன் இல்ல? துபாய்ல 2013-ம் வருஷ 11-ம் எண் சட்டப்படி வேலை குடுக்கறவர் தொழிலாளிக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும். குடும்பத்துக்கு விசா எடுக்கறவர் குடும்பத்துக்கு எடுக்கணும். அபுதாபி அதுக்கும் முன்னாடி, 2005-லயே சட்டம் போட்டுடுச்சு. ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, ஃபுஜைரா விசாவுக்கு இந்தக் கட்டாயம் வந்தது 2025 ஜனவரி 1-ல. அதுவும் வேலை செய்யறவங்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் மட்டும்தான். அடிப்படைத் தொகுப்போட விலை வருஷத்துக்கு 320 திர்ஹம். அப்பாவோட ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி கட்டாயம் இல்லாத வரைக்கும் அந்த அளவு காசைக்கூட செலவு பண்ணல. இப்பவும் அம்மா மாதிரி வீட்டுல இருக்கிறவங்களுக்குக் கட்டாயம் கிடையாது. ஒரு ஷவர்மா சாப்பிடப் போற தூரத்துல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் விசா அடிச்சிருந்தா, மூணு நாள் சீரகத் தண்ணி தேவைப்பட்டிருக்காது.

ஆஸ்பத்திரி பில் 52,400 திர்ஹம். மாமாகிட்ட வாங்கினது, அம்மா செயினை அடகு வெச்சது எல்லாம் சேர்த்து 11,000 கட்டினோம். மிச்சம் 41,400-க்கு அப்பா ஒரு உறுதிமொழிக் காகிதத்துல கையெழுத்து போட்டு, தேதி போடாத செக் ஒண்ணும் குடுத்துட்டு வந்தார். இதெல்லாம் எனக்கு அன்னைக்குத் தெரியாது. "செட்டில் பண்ணியாச்சு"ன்னார். நானும் நம்பினேன்.

ஆறு மாசம் கழிச்சு எனக்கு ஒரு ஃபோன். அட்மிஷன் ஃபாரத்துல அவசரத் தொடர்புக்குன்னு என் நம்பர் இருந்திருக்கு. பேசினவர் அரபியும் இல்ல, இங்கிலீஷ்காரரும் இல்ல. நல்ல சுத்தமான மதுரைத் தமிழ். "சார் பொண்ணாம்மா? அப்பா ஏர்போர்ட்ல மாட்டுவாரும்மா. உங்க ஆபீஸ் ஹெச்.ஆர். நம்பர் கூட எங்ககிட்ட இருக்கு. சொல்லி வைங்க." அவ்வளவுதான், வெச்சுட்டார். நம்ம ஊரு ஆளை வெச்சு நம்ம மொழியில பேச வைக்கிறது தற்செயல் இல்ல. எந்த வார்த்தை சொன்னா நம்ம அப்பாக்களுக்கு உடம்பு நடுங்கும்னு அந்தத் தமிழுக்குத் தெரியும். "ஊர்ல தெரிஞ்சா என்ன ஆகும் சார்?"னு அப்பாகிட்ட அதே ஆள் கேட்டிருக்கார்.

அன்னைக்கு ராத்திரிதான் தெரிஞ்சது, நாலு மாசமா அப்பா அந்த ஃபோனை பால்கனியில நின்னு எடுத்துட்டு இருந்தார்னு. நாங்க அவர் சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சுட்டார்னு நினைச்சுட்டு இருந்தோம்.

இப்ப சட்டம். 2022 ஜனவரி 2 வரைக்கும் இந்த நாட்டுல கணக்குல காசு இல்லாம செக் திரும்பினா போலீஸ் கேஸ், ஜெயில். நம்ம அப்பாக்களோட பயம் அந்தக் காலத்துப் பயம், அது பொய் இல்ல. கூட வேலை பார்த்தவங்க உள்ள போனதை அவங்க பார்த்திருக்காங்க. ஆனா 2020-ம் வருஷ 14-ம் எண் ஆணைச் சட்டம் அந்தத் தேதியில நடைமுறைக்கு வந்ததுல இருந்து, காசு இல்லாம திரும்பற செக் சிவில் விஷயம். கணக்கை வேணும்னே மூடறது, காசு குடுக்காதேன்னு பேங்க்ல கெட்ட எண்ணத்தோட சொல்றது, இதெல்லாம் இன்னும் குற்றம்தான். அதனால "செக்கை ஸ்டாப் பண்ணிடு அங்கிள்"னு ஐடியா குடுக்கறவங்களை வீட்டுக்குள்ள விடாதீங்க.

சிவில்னா சும்மா விட்டுடுவாங்கன்னு அர்த்தம் இல்ல. திரும்பின செக்கை எடுத்துட்டு நேரா கோர்ட்டோட நிறைவேற்றுப் பிரிவுக்குப் போகலாம். பேங்க் கணக்கை முடக்கலாம். கடன் 10,000 திர்ஹமோ அதுக்கு மேலயோ இருந்தா பயணத் தடை கேட்கலாம். ஆனா அதைப் போடறது நீதிபதி. ஃபோன்ல பேசற மதுரைக்காரர் இல்ல. தடை இருக்கா இல்லையான்னு நீங்களே பார்க்கலாம்: துபாய் போலீஸ் ஆப்ல எமிரேட்ஸ் ஐ.டி. போட்டா நிதி வழக்கு இருக்கான்னு வரும், அபுதாபிக்கு நீதித்துறையோட 'எஸ்தஃப்ஸிர்' சேவை இருக்கு. நாங்க வக்கீல் மூலமா பார்த்தோம். ஒரு கேஸும் இல்ல. நாலு மாசம் அப்பா நடுங்கினது இல்லாத ஒரு கேஸுக்கு.

அதுக்கப்புறம் நான் பண்ணினது ஒண்ணே ஒண்ணு. ஏஜென்சியை விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டருக்குப் போய், ஒவ்வொரு ஐட்டமும் தனித்தனியா போட்ட பில் கேட்டேன். மூணு தடவை அலைய விட்டாங்க. ஏஜென்சி கேட்டது 47,610. அதுல 6,210 அவங்க "வசூல் கட்டணம்"னு சேர்த்தது. அப்பா கையெழுத்து போட்ட காகிதத்துல அப்படி ஒரு வரியே இல்ல. பில்லுக்குள்ள ஒரு சி.டி. ஸ்கேன் ரெண்டு தடவை ஏறியிருந்தது, 1,800. நடக்காத ஒரு ஃபிசியோதெரபிக்கு 600. எல்லாம் போக 39,000. மாசம் 1,500 வீதம் 26 மாசம்னு எழுத்துல வாங்கினோம். கடைசித் தவணை அன்னைக்கு செக்கைத் திருப்பித் தரணும்னும் அதுல எழுத வெச்சேன்.

வாங்கின கடனைக் கட்ட மாட்டேன்னு நான் சொல்லல. டாக்டர்கள் அம்மாவைக் காப்பாத்தினாங்க, அந்தக் காசு அவங்களுக்குச் சேரணும். என் சண்டை, மிரட்டலுக்கு விலை போட்டு அதை நம்ம தலையில ஏத்தறதோடதான்.

மிரட்டினா நீங்க திருப்பித் திட்டாதீங்க. இது முக்கியம், ஏன்னா நம்ம வயசுக்கு வாட்ஸ்அப்ல நாலு வார்த்தை விடக் கை துறுதுறுங்கும். 2021-ம் வருஷ 34-ம் எண் சைபர் சட்டப்படி ஆன்லைன்ல அவமானப்படுத்தினா அபராதம் 2,50,000 திர்ஹம்ல ஆரம்பிக்குது, ஜெயிலும் உண்டு. அம்மா ஆபரேஷனை விட அஞ்சு மடங்கு. சொல்லாம கால் ரெக்கார்ட் பண்றதும் அதே சட்டத்துல மாட்டும். ஆனா அந்தச் சட்டம் அவங்களுக்கும்தான். அவங்க எழுத்துல அனுப்பற மிரட்டலை அழிக்காம வெச்சிருங்க. "எதுவா இருந்தாலும் ஈமெயில்ல அனுப்புங்க"ன்னு நான் சொன்னதுக்கு அப்புறம் மதுரைக்காரர் பாதி அமைதியாயிட்டார். அவரும் கமிஷனுக்கு வேலை பார்க்கற ஒரு விசாக்காரர்தான்னு நினைச்சா கொஞ்சம் பாவமா இருக்கும். கொஞ்சம்தான்.

அடுத்து நம்ம ஆளுங்க. கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டோம்னு குரூப்ல ஃபோட்டோ போடுவோம். ஆஸ்பத்திரி பில் வந்தா மட்டும் வாயை மூடிக்குவோம். ஒரு மாமா எங்கப்பாவுக்குச் சொன்ன யோசனை: "பேசாம ஊருக்குப் போயிடு, திரும்பி வராதே." இருபத்தி எட்டு வருஷம் உழைச்ச மனுஷன் திருடன் மாதிரி ஓடணுமாம். ஓடினா செக் இங்கேதான் இருக்கும், மகள் விசாவும் இங்கேதான் இருக்கும், அதை மாமா யோசிக்கல.

கேட்டா கிடைக்கிற உதவியும் இருக்கு. இந்தியத் தூதரகங்கள்ல 2009-ல இருந்து இந்திய சமூக நல நிதின்னு ஒண்ணு இருக்கு, அவசர மருத்துவத்துக்கும் சட்ட உதவிக்கும், ரொம்பக் கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு. 2020-ல தெலங்கானாவைச் சேர்ந்த ஒரு தொழிலாளி கோவிட்ல எண்பது நாள் படுத்திருந்து, ஏழரை லட்சம் திர்ஹமுக்கு மேல பில் வந்தப்போ, தூதரகம் எழுதிக் கேட்டு துபாய் ஆஸ்பத்திரி முழுசையும் தள்ளுபடி பண்ணுச்சு. எல்லாருக்கும் அப்படி நடக்காது. கேட்காதவங்களுக்கு நடக்கவே நடக்காது. இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மைத் தட்டிக் கழிச்சா 'சனதக்'ல புகார் பண்ணலாம்.

இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பாகிட்ட மூணு கேள்வி கேளுங்க. அம்மா பேருல இன்சூரன்ஸ் கார்டு இருக்கா? அதுல நாம கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு? கையெழுத்து போட்ட செக் யார்கிட்டயாவது இருக்கா? மூணாவது கேள்விக்கு அவர் தண்ணி குடிக்க எழுந்து போனா, பின்னாடியே போங்க.